திரும்பி வந்தது சான்றாகுமா?

பெங்களூருக்குத் தெற்கே, தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆனேக்கல். கன்னடத்தில் ஆலங்கட்டிக்கு ‘ஆனெகல்லு’ என்றும் ஒரு பெயர் உண்டு. ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது என்பாரும் உளர். வானிலிருந்து விழும் பனிக்கட்டியை இப்பகுதி மக்கள் கோடை மழையில் சில நிமிடங்கள் சடசடத்து, மண்ணைத் தொட்டதும் கரைந்துபோகும் ஆலங்கட்டியாக மட்டுமே கண்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் தங்கி, அடுக்கடுக்காகப் படிந்து, தனக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும் பனி இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது.

ஆயினும் அந்தப் பனிக்கும் இந்த மண்ணுக்கும் இன்று நெருங்கிய தொடர்பு ஏற்பட்டுவிட்டது. கணினித் துறையின் பெரு நிறுவனங்கள் நிறைந்த எலக்ட்ரானிக் சிட்டி, ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்ததே. அங்கும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பணிபுரியும் இளைஞர்கள் பலர் விடுமுறை கிடைத்ததும் உத்தராகண்டுக்கும் இமாசலப் பிரதேசத்துக்கும் மலையேற்றப் பயணம் புறப்படுகின்றனர். ஆபத்து உண்டு என்று தெரிந்தும் போகத்தான் வேண்டுமா என்று வீட்டிலுள்ள பெரியோர் கேட்பது இயல்பு. அதற்கு இளைஞர்கள் தரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே: ‘எத்தனையோ பேர் போய் நலமாகத் திரும்பியிருக்கிறார்கள். நானே சென்ற ஆண்டு போய் வந்தேனே!’

கேட்பவர் வாயை அடைத்துவிடும் பதில் இது. ஆனால் இது எதை நிரூபிக்கிறது? ஒருவர் நலமாகத் திரும்பி வந்தார் என்பது அவர் சரியாக முடிவெடுத்தார் என்பதற்குச் சான்றாகுமா? இந்தக் கேள்வி மலையேறுவோருக்கு மட்டும் உரியதன்று. எனினும் மலைப்பனியின் முன்னே இது மிகக் கூர்மையாக எழுகிறது; தவறான விடைக்கு அங்கே உயிரே விலையாகிவிடுகிறது.

ஓர் ஆயுத பூசை நாள்

2022 அக்டோபர் 4. நாடெங்கும் நவராத்திரியின் நிறைவு. தென்னகத்தில் ஆயுத பூசை. அன்று காலை 8.45 மணியளவில், உத்தராகண்டில் 5,670 மீட்டர் உயரமுள்ள ‘திரௌபதி கா தண்டா–2’ என்னும் சிகரத்தின் சரிவில் பனி பெயர்ந்தது. உத்தரகாசியில் 1965 முதல் இயங்கிவரும் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் உயர்நிலை வகுப்பைச் சேர்ந்த பயிற்சியாளர்களும் மாணவர்களும் அதில் சிக்கினர். பலர் பனிப்பிளவு ஒன்றினுள் தள்ளப்பட்டனர். அடுத்தடுத்த நாட்களில் 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. மேலும் இருவர் அப்போது கிடைக்கவில்லை. மாண்டவர்களில் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். பயிற்சியாளராகச் சென்றிருந்த சவிதா கன்ஸ்வால் அதே ஆண்டு மே மாதத்தில், 16 நாட்களுக்குள் எவரெஸ்ட், மகாலு ஆகிய இரு சிகரங்களையும் எட்டியவர். அவரும் உயிரிழந்தார்.

இங்கே எவர்மீதும் குறை காண்பது நம் நோக்கமன்று. மலையை நன்கு அறிந்தவர்களுக்கும் இது நேர்ந்தது என்பதையே நாம் கவனிக்க வேண்டும். நேர்ந்த காலமும் கவனத்துக்குரியது. அக்டோபர் என்றால் பருவமழை விலகி, வானம் தெளிந்து, மலைப்பயணத்துக்கு ஏற்ற மாதம் என்பது பரவலான நம்பிக்கை. கடுங்குளிர்காலம் இன்னும் வரவில்லை, பனியும் அதிகமில்லை, ஆகவே பனிச்சரிவு பற்றிய எண்ணமே பலருக்கு எழுவதில்லை.

இதே மாதத்தில், 2014ஆம் ஆண்டு நடந்ததையும் நினைவுகூரலாம். அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹூட்ஹூட் புயலின் எச்சம் வடக்கு நோக்கி நகர்ந்து, இரண்டு நாட்களில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பகுதியைப் பெரும் பனிப்பொழிவில் மூழ்கடித்தது. தோரோங் கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் சிக்கி 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் கடற்கரையில் வீசிய காற்று அங்கே பனியாக விழுந்தது! புறப்படும்போது வானம் தெளிவாக இருந்தது என்பது மலையில் ஓர் உறுதிமொழி ஆகாது.

குறைந்த பனி, குறைந்த ஆபத்தா?

பருவத்தின் தொடக்கத்தில் விழும் பனி மெல்லியது. மெல்லிய பனியால் பெரிய தீங்கு வராது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. இயற்கையின் கணக்கு வேறாக இருக்கிறது.

மெல்லிய பனிப்போர்வையின் அடியில் நிலம் ஏறத்தாழ உறைநிலை வெப்பத்தில் இருக்கும். மேகமற்ற இரவில் அதன் மேற்பரப்போ கடுமையாகக் குளிர்ந்துவிடும். ஒரு சாண், இரு சாண் கனத்துக்குள் இவ்வளவு வெப்ப வேறுபாடு இருப்பதால், பனிக்குள் இருக்கும் நீராவி கீழிருந்து மேலே நகர்கிறது. அடுப்பிலுள்ள பானையின் ஆவி, குளிர்ந்த மூடியில் படிவதை ஒத்த செயல் இது. நாட்கள் செல்லச் செல்லப் பனித்துகள்கள் தம் வடிவை இழந்து, ஒன்றோடொன்று பற்றாத பெரிய மணிகளாக மாறுகின்றன. கையில் அள்ளினால் சர்க்கரைபோல் உதிரும். பனி கனமாக இருந்தால் இந்த மாற்றம் மெதுவாகவே நிகழும். மெல்லியதாக இருப்பதால்தான் விரைந்து நிகழ்கிறது. முதற்பனி அதிகம் தங்குவதும் வெயில் படாத உயர்ந்த சரிவுகளிலும் பள்ளங்களிலும்தான்.

அதன்பின் புதுப்பனி விழுகிறது. காற்று அதை ஒரு பக்கத்திலிருந்து வாரி மறுபக்கத்துச் சரிவில் குவித்து, பலகைபோல் இறுக்கிவிடுகிறது. இப்போது மேலே கெட்டியான பலகை. அடியில் சர்க்கரை மணிகள். பார்வைக்கு அது வெண்மையான, உறுதியான, அழகிய சரிவு. அதன்மீது ஒருவர் காலடி வைக்கிறார். சில வேளைகளில் எதுவும் நேர்வதில்லை. சில வேளைகளில் அந்த எடையே போதுமானதாகி, அடியிலுள்ள அடுக்கு நொறுங்கி, நொடிப்பொழுதில் சரிவு முழுவதும் பிளந்து புறப்படுகிறது. இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வில் நிகழ்கின்றன; ஏறுவோரும் சறுக்குவோரும் விரும்பும் சாய்வும் அதுவே. பனிச்சரிவில் மாண்ட மலையேறிகளில் மிகப் பெரும்பாலோர் விஷயத்தில், அச்சரிவைத் தூண்டியது அவரோ அவருடைய குழுவினரோதான் என்று ஆய்வாளர் கூறுகின்றனர்.

ஈர விறகும் மறைந்த அடுக்கும்

‘இச்சரிவைப் பலமுறை கடந்திருக்கிறோம், ஒருமுறையும் சரியவில்லை, ஆகவே இன்றும் சரியாது.’ இது ஓர் அனுமானம். நம் நாட்டு நியாய தரிசனம் இத்தகைய அனுமானங்களை மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது.

புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது சரியான அனுமானம். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. இதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று கொள்ளலாமா? அடுப்பங்கரையில் விறகடுப்பை மட்டும் கண்டவர் அப்படித்தான் கொள்வார். அவர் நூறுமுறை பார்த்திருப்பார். நூறுமுறையும் நெருப்போடு புகை இருந்திருக்கும். ஆனால் கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஏன்? புகை எழுவதற்கு நெருப்பு மட்டும் போதாது. ஈர விறகும் வேண்டும். அவர் கண்ட நூறு இடங்களிலும் ஈர விறகு இருந்தது. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வாறு நம் பார்வைக்குத் தப்பி நின்று, முடிவைத் தாங்கிக்கொண்டிருக்கும் நிபந்தனையை நையாயிகர் ‘உபாதி’ என்றனர். பலமுறை கண்டது என்பதால் மட்டும் ஒரு பொதுவிதி உறுதியாகிவிடாது என்று, தத்துவ சிந்தாமணியின் ஆசிரியரான கங்கேசர் வாதிடுகிறார்.

மலைச்சரிவுக்கும் இது அப்படியே பொருந்தும். சென்ற ஆண்டு நாம் கடந்தபோது அது சரியாமல் இருந்ததற்குக் காரணம் நம் திறமையோ சரிவின் நற்குணமோ அன்று. அப்போது அடியில் வலுவற்ற அடுக்கு உருவாகாமல் இருந்திருக்கலாம். உருவாகியிருந்தும் மேலே போதிய பாரம் ஏறாமல் இருந்திருக்கலாம். பாரம் ஏறியிருந்தும் நம் காலடி அதன் மெல்லிய இடத்தில் படாமல் தப்பியிருக்கலாம். இவற்றுள் எது உண்மை என்று அறியாமல், ‘போனோம், வந்தோம்’ என்பதை மட்டும் அறிவாக எண்ணுகிறோம். தவறான அனுமானத்தை உலகம் பெரும்பாலும் உடனே தண்டிப்பதில்லை என்பதே இதிலுள்ள அபாயம். பத்துமுறை தவறியும் பத்துமுறை பிழைத்தவருக்குப் பத்துமடங்கு துணிச்சல் வளர்கிறது. அறிவு ஒரு மடங்கும் வளர்வதில்லை.

பயனை வைத்து மனிதரை அளக்கலாமா?

இனி அறம் சார்ந்த கேள்விக்கு வருவோம். இரண்டு குழுக்கள் ஒரே நாளில், ஒரே சரிவை, ஒரே அளவு அறியாமையுடன் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதற்குழு கடந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்த இரண்டாம் குழுவின்மீது சரிவு பெயர்ந்தது. முதற்குழுவினர் படம் எடுத்துக்கொண்டு, பாராட்டுப் பெற்று வீடு திரும்புகின்றனர். இரண்டாம் குழுவினரைப் ‘பொறுப்பற்றவர்கள்’ என்று ஊர் பேசுகிறது. இரு குழுக்களின் நடத்தையிலும் என்ன வேறுபாடு? ஒரு மணி நேரம் மட்டுமே.

மேலைநாட்டுத் தத்துவ அறிஞர்களான பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் இச்சிக்கலை ‘அறம் சார்ந்த அதிர்ஷ்டம்’ என்ற பெயரில் விவாதத்துக்குக் கொண்டுவந்தனர். நம் கையில் இல்லாத ஒன்றுக்காக நம்மைப் புகழ்வதோ பழிப்பதோ நியாயமாகுமா என்பது அவர்கள் எழுப்பிய வினா. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதற்கு வேறொரு வழியில் ஒளி தருகிறது. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் கூடவேண்டும் என்றும், அவற்றுள் ஐந்தாவது தெய்வம் என்றும், தன்னையே ஒரே கர்த்தாவாகக் காண்பவன் உள்ளதை உள்ளபடி காணாதவன் என்றும் அது கூறுகிறது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. ஒன்று, திரும்பி வந்தவர் ‘என் திறமையால் வந்தேன்’ என்று எண்ணாமலிருப்பது. மற்றொன்று, மாண்டவர்களை நாம் பழிக்காமலிருப்பது. நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளைப் படித்தபடியே ‘இவர்களுக்கு ஏன் இந்த வேலை?’ என்று கேட்பவர் பயனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். அதே மனிதர்கள் அதே வழியில் சென்று திரும்பியிருந்தால் அவரே மாலை போட்டிருப்பார். நலமாகத் திரும்பிய இளைஞரின் செருக்கும், மாண்டவரைப் பழிக்கும் பெரியவரின் கடுமையும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

அப்படியானால் எல்லாம் தெய்வச் செயல் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஐந்தில் ஒன்றே தெய்வம். இடத்தையும் கருவியையும் முயற்சியையும் ஆராய்ந்து தேர்வது நம் பொறுப்பில் இருக்கிறது. பயனை நாம் ஆளமுடியாது என்பதாலேயே, ஆளமுடிந்தவற்றில் முழுக்கவனம் வைக்கவேண்டியவர்களாகிறோம். ஒரு முடிவு நல்லதா என்பதை, அது எடுக்கப்பட்ட கணத்தில் எவ்வளவு உண்மையோடும் கவனத்தோடும் எடுக்கப்பட்டது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும்.

என் உயிர், என் விருப்பமா?

‘இது என் உயிர், பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டு’ என்னும் வாதமும் கேட்கிறது. மலையில் எந்த உயிரும் தனித்து நிற்பதில்லை. 2024 ஜூன் மாதத்தில் உத்தராகண்டின் சஹஸ்ரதால் ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு கடும் பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் பெங்களூரைச் சேர்ந்தவர்கள். 9 பேர் உயிரிழந்தனர். மற்றவர்களை மீட்க விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினரும் செல்லவேண்டியிருந்தது. ஒருவர் துணிந்து வைக்கும் அடியில் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரும், சுமை தூக்கி வருபவரும், தேடி வருபவரும், வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் கட்டுண்டிருக்கிறார்கள்.

தம் விருப்பத்தால் அன்றிக் கடமையாலும் பிழைப்புக்காகவும் பனியில் நிற்பவர்களும் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரக் காவல் நிலையில், மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த 10 வீரர்கள் பனியில் புதைந்தனர். அவர்களில் தமிழரும் கன்னடரும் உண்டு. 150க்கும் மேற்பட்டோர் உறைகுளிரில் நாள்கணக்கில் தோண்டினர். ஆறாம் நாள், கர்நாடகத்தின் தார்வாடு மாவட்டத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டில்லியில் அவரும் காலமானார். 2019 நவம்பர் 18 அன்று, குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே, அதே சியாச்சினில் 4 வீரர்களும் அவர்களுடன் சென்ற 2 சுமைதூக்கும் தொழிலாளரும் பனிச்சரிவில் மாண்டனர். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்தை அடுத்த மாணாவில் சாலைப் பணியாளர் 54 பேர் சிக்கினர். 46 பேர் மீட்கப்பட, 8 பேர் இறந்தனர். இவர்களுக்கு ‘இன்று வேண்டாம், நாளை போகலாம்’ என்று சொல்லும் உரிமை அரிதாகவே கிடைக்கிறது. அந்த உரிமை முழுமையாக இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுவது, அந்த உரிமையின் அருமையை அறியாமையே ஆகும்.

பேசாமல் விட்ட சொல்

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கம்மன், 2004இல் வெளியிட்ட ஆய்வில் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் மக்கள் ஏன் முன்னேறினர் என்பதே அவர் தேடியது. பழகிய இடம் என்னும் எண்ணம், எடுத்த முடிவைக் கைவிட மனமின்மை, பிறர் மதிப்பைப் பெறும் ஆசை, குழுவில் ஒரு வல்லுநர் இருக்கிறார் என்னும் நிம்மதி, இவ்வாய்ப்பு மீண்டும் வராது என்னும் தவிப்பு, சுற்றிலும் பலர் இருக்கிறார்கள் என்னும் துணிவு ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். பனிச்சரிவுப் பயிற்சி பெற்றவர்களும்கூடத் தமக்குப் பழகிய இடங்களில், பயிற்சியில்லாதவரைப் போலவே நடந்துகொண்டதை அவர் கண்டார்.

இந்தப் பட்டியலில் பனியைப் பற்றிய செய்தி ஒன்றுமில்லை. எல்லாம் மனத்தைப் பற்றியவை. குழுவில் ஒருவருக்கு ஐயம் எழுகிறது. ‘எல்லோரும் பேசாமல் போகிறார்களே, நான் மட்டும் கோழையாகத் தெரிய வேண்டுமா?’ என்று வாய்மூடி நடக்கிறார். மற்றவர்களுக்கும் அதே ஐயம் இருக்கக்கூடும். ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கின்றனர். இதனால்தான் பொறுப்புள்ள குழுக்களில், மிக இளையவர் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும் என்ற விதியைப் புறப்படுமுன்பே வகுத்துக்கொள்கிறார்கள். ஐயத்தை வாய்விட்டுச் சொல்வது வாய்மையின் ஒரு வடிவம். சொன்னவரை எள்ளாதிருப்பது அகிம்சையின் ஒரு வடிவம்.

திரும்பும் தீரம்

கவனம் என்று பொதுவாகச் சொல்வது எளிது. மலையில் அது சில திட்டமான செயல்களாகும். சண்டிகரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கைகளைப் புறப்படுமுன் பார்ப்பது. புதுப்பனியோ பலத்த காற்றோ இருந்தபின் ஒன்றிரண்டு நாட்கள் சரிவுகளைத் தவிர்ப்பது. அண்மையில் பனி பெயர்ந்த தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், ‘வும்’ என்று அடியில் அமுங்கும் ஒலி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அங்கிருந்தே திரும்புவது. கடந்தே தீரவேண்டிய சரிவை ஒருவர்பின் ஒருவராக, மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்திருக்கக் கடப்பது. புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, ஆழம் பார்க்கும் கோல், பனியை அள்ளும் வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருப்பது. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணி கடந்தால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. கீழிருந்து உதவி வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும். அருகில் நிற்கும் தோழரே அங்கே உதவி.

ஆபத்தின் அளவைக் குறிக்கும் ஐந்து நிலை அட்டவணை ஒன்று பல நாடுகளில் வழக்கில் உள்ளது. அதிகம் பேர் மாள்வது உச்சநிலையான ஐந்தில் அன்று; நடுவிலுள்ள மூன்றில். ஐந்தில் எவரும் வெளியே போவதில்லை. மூன்றில், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று போகிறார்கள். வாழ்வின் மற்ற துறைகளிலும் நம்மை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த ‘மூன்று’தான்.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரங்களை வரிசையாக அமைத்திருப்பதும், ஊக்கத்தைப் போற்றிய அவரே வலியறிதலில் எல்லை கடந்த ஊக்கத்தை எச்சரிப்பதும் எண்ணத்தக்கன. அஞ்சாமை வீரம்தான், அஞ்சத்தக்கதை அறிந்து அஞ்சுவதும் அறிவின் பாற்பட்டதே. சிகரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நின்று, பணமும் விடுப்பும் செலவாகிவிட்ட நிலையில், தோழர்களின் முகவாட்டத்தையும் ஏற்றுக்கொண்டு திரும்புவதற்கு ஏறுவதைவிடப் பெரிய தீரம் வேண்டும். அந்தத் தீரத்துக்குப் பதக்கம் கிடையாது. அவர் செய்தது சரி என்பதற்குச் சான்றும் கிடைக்காது. அவர் திரும்பியபின் அச்சரிவு அப்படியே அசையாமல் நிற்கக்கூடும். ‘வீணாகத் திரும்பினாய்’ என்று பிறர் சொல்லவும் கூடும். பயனை எதிர்பாராத செயல் என்று சாத்திரங்கள் புகழ்வதன் எளிய உருவம் இது.

மலைக்குச் செல்லாதீர்கள் என்று இளைஞர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். நலமாகத் திரும்பிய ஒவ்வொரு முறையும், பையை இறக்கி வைத்தபின், தனித்து அமர்ந்து ஒரு கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்: ‘நாங்கள் அறிந்து நடந்ததால் திரும்பினோமா, மலை இம்முறை பொறுத்துக்கொண்டதால் திரும்பினோமா?’ இரண்டாவதே உண்மை என்று தோன்றினால் அதை மறைக்காமல் அடுத்துச் செல்பவரிடம் சொல்லட்டும். விபத்துகளிலிருந்து மட்டுமே பாடம் கற்போம் என்றால், அந்தப் பாடத்துக்கு உரிய கட்டணத்தை யாரோ ஒருவர் தம் உயிரால் செலுத்தவேண்டியிருக்கும்.